முத்துக் கடலின் ஒலிக்கணக்கு

மன்னார் வளைகுடாவைப் போல நெடுங்காலமாகக் கணக்கெடுக்கப்பட்டுவரும் கடல் தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பது அரிது. முத்துக்குளிப்பு அரசின் உரிமையாக இருந்த நாட்களில், சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புப் பருவத்தை அறிவிப்பதற்கு முன்பே அதிகாரிகள், சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களுக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த மாதிரிச் சிப்பிகளைத் திறந்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புள்ள முத்து தேறும் என்று கணித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் பார்களை ஆராய்ந்து எழுதினார். பிறகு வந்தவர்கள் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை அளந்தார்கள். 117 வகைப் பவளங்களைப் பட்டியலிட்டார்கள். 1986இல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் வளைகுடாவின் இந்தியப் பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இன்னொரு பக்கம், வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 2023-24ஆம் ஆண்டில் 4.14 கோடி டன் சரக்கைக் கையாண்டது என்பதும் டன் பிசகாத கணக்கு.

இந்தக் கணக்குகளுக்கு நடுவே ஒரு கேள்வி அதிகம் கேட்கப்படாமலேயே இருக்கிறது. இந்த நீருக்கடியில் எவ்வளவு ஒலி இருக்கிறது? அதில் கடலுடையது எவ்வளவு, மனிதர் சேர்த்தது எவ்வளவு? வெளிச்சம் சில பத்து மீட்டர்களில் மங்கிவிடும் ஓர் உலகில் பல உயிர்கள் ஒலியைக் கொண்டுதான் இரை தேடுகின்றன, இணை தேடுகின்றன, குடியேற இடம் தேடுகின்றன. ஆகவே முத்துப் பார்களும் பவளப்பாறைகளும் மறுபடி செழிக்குமா என்று கேட்பவர்கள் இந்த ஒலிக்கணக்கையும் கேட்டாக வேண்டும்.

கடலுக்கு உரிய ஓசை

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. காற்றில் அதன் வேகத்தைவிட இது நான்கு மடங்குக்கும் அதிகம். நீரில் அது எளிதில் தேய்ந்து போவதும் இல்லை. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட திமிங்கில ஒலிகள் ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லக்கூடியவை. இலங்கையின் திருகோணமலைக்கு அப்பால் 1984இல் பதிவான நீலத்திமிங்கிலத்தின் அழைப்பொலி, வட இந்தியப் பெருங்கடலுக்கே உரிய தனி வகை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். கரைக்கு அருகே வந்தால் ஒலி எழுப்புபவர்கள் மாறுகிறார்கள். கத்தாளை மீன் தன் காற்றுப்பையை, மீனவர்கள் நெட்டி என்று சொல்லும் அதே உறுப்பை, தசைகளால் அதிரவைத்து முரசொலி போன்ற ஓசையை எழுப்புகிறது. கீச்சான் இனத்து மீன்களின் கூட்டொலியைக் கோவா கடற்பகுதியில் இந்திய விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி ஈழத்தமிழர் அனைவரும் அறிவர். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காது வைத்துக் கேட்கும் வழக்கம் அங்கே இருந்துவந்தது. ஓங்கில்கள் கிளிக் ஒலி அனுப்பி எதிரொலியால் இரையை அறிகின்றன. ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடல் பசுவும் பறவைக் கீச்சொலி போன்ற குரலில் தன் கன்றோடும் கூட்டத்தோடும் பேசுகிறது.

ஆனால் வெப்பக்கடலின் ஆழம் குறைந்த பாறைத் தளங்களில் இரவு பகலாகக் கேட்பது ஒரு சிறு இறாலின் ஒலிதான். விரல் நீளம்கூட இல்லாத இந்த இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பருத்திருக்கும். அதை இது படாரென்று மூடும்போது நீர் பீறிட்டுப் பாய்கிறது. அந்த வேகத்தில் அழுத்தம் குறைந்து ஒரு குமிழி பிறக்கிறது. மறுகணமே குமிழி நசுங்குகிறது. ஒலி எழுவது கொடுக்கின் இரு பகுதிகள் மோதுவதால் அல்ல, குமிழி நசுங்குவதால்தான் என்பதை மிஷெல் வெர்ஸ்லூயிஸ், டெட்லெஃப் லோசே உள்ளிட்ட குழுவினர் 2000ஆம் ஆண்டில் அதிவேகப் படக்கருவி கொண்டு நிறுவினார்கள். ஆயிரக்கணக்கான இறால்கள் ஒரு பாறைத் திட்டில் சேர்ந்து சொடுக்கும்போது அந்தத் திட்டுக்கே ஒரு குரல் உண்டாகிறது. உயிர் செறிந்த பாறை ஓசை மிகுந்ததாகவும், செத்துப்போன பாறை ஓசை குன்றியதாகவும் இருக்கிறது.

சிப்பிக் குஞ்சு எதைக் கேட்டு இறங்குகிறது?

முத்துச்சிப்பி தன் வாழ்வைப் பாரில் தொடங்குவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் அடித்தளத்துக்கு இறங்கி, நூல் போன்ற இழைகளால் கல்லைப் பற்றிக்கொள்கிறது. இறங்கிய இடம் மணலாக இருந்தால் மரணம். கல்லும் பழைய சிப்பியும் நிறைந்த பாராக இருந்தால் வாழ்வு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் போன்ற பெரும் பார்கள் சில ஆண்டுகளில் சிப்பி நிறைந்து கிடந்ததற்கும், பல பத்தாண்டுகள் வெறுமையாகிக் கிடந்ததற்கும் இந்த இறங்கும் கணம் ஒரு முக்கியக் காரணம்.

1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபங்களே தூத்துக்குடிக் கரையின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு. அதன் பிறகு பார்கள் மீளவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973இல் இந்தக் கரையிலேயே, இந்தியாவில் முதன்முறையாக, உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1980களில் பொரிப்பகத்தில் வளர்ந்த சிப்பிக் குஞ்சுகளைப் பார்களில் விட்டு அவற்றுக்கு மறுவாழ்வு கொடுக்கும் முயற்சியும் நடந்தது. பார்கள் அழிந்ததற்கு மணல் மூடுதல், இரைகொல்லி மீன்கள், நீரோட்டத்தின் மாற்றம், அளவு மீறிய குளிப்பு என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஒலி அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. இடம்பெறக்கூடிய அறிவு அப்போது உலகில் எங்குமே இல்லை.

இப்போது இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆஷ்லி லில்லிஸ், டேவிட் எக்கிள்ஸ்டன் ஆகியோரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிப்பித் திட்டின் ஓசையைக் கேட்ட சிப்பிக் குஞ்சுகள், அந்த ஓசை இல்லாத இடத்தில் இருந்தவற்றைவிடக் கூடுதலாக அடித்தளத்தில் ஒட்டிக்கொண்டன. பவளத்தின் குஞ்சுகளும் பாறையின் ஓசை வரும் திசையை நோக்கி நகர்கின்றன என்று கரீபியக் கடலில் மார்க் வெர்மெய் குழு 2010இல் கண்டது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் டிம் கார்டன், ஸ்டீவ் சிம்ப்சன் ஆகியோர் செத்த பவளத் துண்டுகளைக் குவித்து, அருகே நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்து, நலமான பாறையின் ஓசையை ஒலிக்கவிட்டார்கள். ஒலி இல்லாத குவியல்களோடு ஒப்பிட்டால் அங்கே இருமடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன. இது 2019இல் வெளியான முடிவு.

இந்த ஆய்வுகளில் இடம்பெற்ற சிப்பி உணவுச் சிப்பி. நம் முத்துச்சிப்பிக்கு அது தூரத்து உறவுதான். இங்கே சோதித்துப் பார்க்காமல் அந்த முடிவை அப்படியே நம் பார்களின்மீது ஏற்ற முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை தெளிவானது. ஒரு பார் தன் அடுத்த தலைமுறையை ஓசை கொடுத்து அழைக்கிறது என்றால், பார் சிதையும்போது அழைப்பும் சிதைகிறது. எஞ்சியிருக்கும் மெல்லிய அழைப்பை வெளி இரைச்சல் மூடினால், பார் மீளும் வாய்ப்பு இன்னும் குறுகுகிறது.

பாய்மரத்திலிருந்து பெருங்கப்பலுக்கு

கொற்கைக் காலம் தொட்டு இந்தக் கரையின் கலங்கள் காற்றில் ஓடியவை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துப் போயின. முத்துக் குளிப்பவர்களின் படகுகளும் அப்படியே. நீருக்கடியில் அவற்றின் ஒலி அலையோசையோடு கலந்துவிடும் அளவே. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தபோதும், கரைக்கடல் ஆழமற்றது என்பதால் அவை பல மைல் தொலைவில் நங்கூரமிட்டன. தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. 1906இல் தொடங்கப்பட்ட வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் நிறுவனம் ஓட்டிய நீராவிக் கப்பல்களும் இந்தச் சூழலில்தான் இயங்கின. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே செயற்கைத் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டபோது நிலை மாறியது. பெருங்கப்பல்கள் தீவுகளுக்கு அருகிலேயே வரத் தொடங்கின. துறைமுகத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் வான் தீவு. அடுத்து காசுவாரித் தீவு, விலாங்குசல்லி, காரைசல்லி. அதே பத்தாண்டுகளில் விசைப்படகுகள் பெருகின; பின்னர் நாட்டுப்படகுகளிலும் வெளிப்பொறி பொருத்தப்பட்டது.

கப்பலின் ஒலியில் பெரும்பங்கு இயந்திரத்திலிருந்து வருவதில்லை. வேகமாகச் சுழலும் உந்துவிசிறியின் முனைகளில் அழுத்தம் குறைந்து குமிழிகள் பிறந்து நசுங்குகின்றன. அந்த நசுங்கல்தான் இரைச்சல். இறாலின் சொடுக்குக்கும் கப்பலின் உறுமலுக்கும் இயற்பியல் ஒன்றே. வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. இறாலின் ஒலி சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பரவிக் கிடக்கிறது. கப்பலின் ஒலியோ பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்குகிறது. பெரும்பான்மையான மீன்கள் கேட்பதும் பேசுவதும் அந்த எல்லைக்குள்தான். பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போன்ற நிலை, கப்பல் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மீன்களுக்கு நேர்கிறது.

கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவுக்கு அருகே 1960களில் பதிவான கடலொலியை 2003-04இல் அதே இடத்தில் மறுபடி அளந்தபோது, தாழ்ந்த அதிர்வெண்களில் 10 முதல் 12 டெசிபெல் உயர்ந்திருந்தது. 10 டெசிபெல் உயர்வு என்றால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நீரின் டெசிபெல்லும் காற்றின் டெசிபெல்லும் வெவ்வேறு அடிப்படையில் அளக்கப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கடலில் 160 டெசிபெல் என்று படித்ததும் அதை விமான ஓசையோடு ஒப்பிடுவது பிழை.

மன்னார் வளைகுடாவின் ஒலி, ஆழ்கடலின் ஒலியைப் போன்றதாக இருக்கவும் முடியாது. தீவுகளைச் சுற்றிய நீர் சில மீட்டர் ஆழமே. அத்தகைய நீரில் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் தொலைவு செல்ல இயலாமல் அடித்தளத்தில் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. எனவே தொலைவில் போகும் பெருங்கப்பலின் ஆழ்ந்த உறுமலிலிருந்து பவளத்திட்டுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் திட்டின்மேலேயே ஓடும் சிறுபடகின் பொறி எழுப்பும், சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலான கூர்மையான ஒலிக்கு அந்தத் தடை இல்லை. முத்துப் பார்களோ பத்து பாகம் அளவிலான ஆழத்தில், கப்பல்கள் போய்வரும் திறந்த கடலில் கிடக்கின்றன. அவற்றுக்குக் கப்பலின் ஒலியே பெரிய கேள்வி. ஒரே வளைகுடாவில் இருவேறு ஒலிப்பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

இரைச்சல் செய்யும் வேலை

இரைச்சலால் உயிர் உடனே சாவது அரிது. அது உயிரின் அன்றாடத்தைக் குலைக்கிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் சிம்ப்சன் குழு 2016இல் கண்டது இது: படகுப் பொறியின் ஒலி கேட்கும்போது சிறு பவளமீன்களின் மூச்சு வேகம் கூடியது, தப்பியோடும் விரைவு குறைந்தது, இரைகொல்லி மீன் அவற்றைப் பிடிப்பது இருமடங்குக்கும் மேல் உயர்ந்தது. அதே இடத்தில் 2022இல் சோஃபி நெடலெக் குழு வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருவது. படகோட்டிகள் பாறையிலிருந்து விலகி, வேகம் குறைத்துச் சென்ற பகுதிகளில் 65 விழுக்காடு மீன் கூடுகளில் பருவ முடிவில் குஞ்சுகள் எஞ்சியிருந்தன. வழக்கம்போல் படகுகள் ஓடிய பகுதிகளில் 40 விழுக்காட்டில்தான். எந்தப் புதிய கருவியும் இல்லாமல், சற்றே விலகிச் சென்றதனால் கிடைத்த பலன் அது.

முதுகெலும்பில்லா உயிர்களும் தப்பவில்லை. பிரான்சில் 2017இல் வெளியான ஆய்வில், பசிபிக் சிப்பிகள் 1,000 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த ஒலி கேட்டதும் ஓட்டை மூடிக்கொண்டன. மூடிய சிப்பி உண்பதில்லை, மூச்சுவிடுவதும் குறைகிறது. மிஷெல் ஆந்த்ரே குழு 2011இல் கணவாய்களைத் தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்கு ஆட்படுத்தியபோது, அவற்றின் சமநிலை உணரும் உறுப்பில் புண்கள் உண்டாயின. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய்க்கு உள்ள மதிப்பை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். எண்ணெய் தேடும் கப்பல்கள் வெடிக்கும் காற்றழுத்தத் துப்பாக்கிகளின் ஒலி, 1.2 கிலோமீட்டர் தொலைவு வரை மிதவை உயிரிகளைக் கொன்றதாகத் தாஸ்மேனியாவில் ராபர்ட் மெக்காலி குழு 2017இல் கண்டறிந்தது. மன்னார்ப் படுகையின் இலங்கைப் பக்கத்தில் 2011இல் கிணறு தோண்டி எரிவாயு கண்டிருக்கிறார்கள். எனவே அந்தத் துப்பாக்கியும் நமக்குத் தொலைவான செய்தி அல்ல.

ஒரே கரை, இரண்டு ஜனவரி

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு, கல்லாமொழி கரையில் 81 குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்களும் அதிகாரிகளும் இரவெல்லாம் நீருக்குள் நின்று அவற்றைக் கடலுக்குத் திருப்ப முயன்றார்கள். 36 திரும்பிப் போயின, 45 மாண்டன. கடலடியில் ஏதோ வெடிப்பு, கடற்படையின் ஒலிக்கருவி, கப்பல் என்று அப்போது பலரும் காரணம் சொன்னார்கள். அந்த ஐயம் அடிப்படையற்றது அல்ல. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கில இன விலங்குகள் ஒதுங்கியதற்குத் தன் ஒலிக்கருவிகள் காரணம் என்பதை அமெரிக்கக் கடற்படையே ஏற்றுக்கொண்டது.

ஆனால் தூத்துக்குடிக் கரை இன்னொரு ஜனவரியையும் கண்டிருக்கிறது. 1973 ஜனவரியில் இதே வளைகுடாக் கரையில் இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதைப் பதிவு செய்தவர்களில் முன்னின்றவர் முத்து வளர்ப்பில் வென்ற அதே அழகர்சாமி. அப்போது பெருந்துறைமுகம் திறக்கப்படவில்லை. தலைமை விலங்கைப் பிரியாமல் பின்தொடரும் இயல்புடைய இந்த இனம், உலகெங்கும் சரிவு குறைந்த மணற்கரைகளில் கூட்டமாக ஒதுங்குவது பழைய காலம் முதலே நடப்பது. எனவே 2016இன் சாவுகளை இரைச்சலின் கணக்கில் எழுத நமக்குச் சான்று இல்லை; இரைச்சலுக்குப் பங்கில்லை என்று சொல்லவும் சான்று இல்லை. அந்த இரவில் அந்தக் கடலில் என்ன ஒலித்தது என்பதற்குப் பதிவு இருந்திருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை ஒரு கூட்டம் ஒதுங்கும்போதும் நாம் ஊகத்தோடு நிற்கக் கூடாது.

கடலுக்கும் அமைதி மண்டலம்

இந்தியச் சட்டம் இரைச்சலை 1987 முதல் காற்று மாசாகக் கருதுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக வகுக்கின்றன. நீருக்கடியிலான ஒலிக்கு அந்த விதிகளில் வரம்பு எதுவும் இல்லை. ஆவுளியாவையும் ஓங்கிலையும் பவளத்தையும் வேட்டையிலிருந்து காக்கும் நாடு, அவை வாழும் நீரின் அமைதியைக் காக்க விதி செய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல், ஒரு கடற்பரப்பின் 20 விழுக்காட்டுக்கு மேல் தொடர் இரைச்சலுக்கு ஆளாகக் கூடாது என்று அளவு வகுத்தது. கடலில் தூண் அறையும்போது 750 மீட்டர் தொலைவில் ஒலியளவு 160 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது ஜெர்மனியின் விதி. அதனால் அங்கே தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை எழுப்பி ஒலியை அடக்குகிறார்கள். கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல், ஒலி குறைந்த கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறது.

தூத்துக்குடியால் இவற்றைச் செய்ய முடியும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியாவின் ஆழங்குறைந்த கடல்களில் ஒலிமானிகளை நிறுத்திப் பதிவு செய்த அனுபவம் உடையது. தூத்துக்குடியிலேயே சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இயங்குகின்றன. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டுள்ளன. அவற்றின் ஓசை ஆண்டுக்கு ஆண்டு எப்படி வளர்கிறது என்று கேட்டால், மறுசீரமைப்பு பலிக்கிறதா என்பதற்கு அதுவே ஒரு சான்று ஆகும். தோலாயிரம் பாரில் ஓர் ஒலிமானி, தீவுகளின் நான்கு தொகுதிகளிலும் ஒவ்வொன்று, கப்பல் வழியில் ஒன்று என ஆறே கருவிகள் போதும், தொடக்கத்துக்கு. கச்சான் காற்றின் மாதங்களும் வாடைக்காற்றின் மாதங்களும் முழுதாக அடங்கும்படி ஓராண்டுப் பதிவு வேண்டும்; காற்றும் அலையும் எழுப்பும் ஓசையைக் கழித்தால்தான் மனிதர் சேர்த்தது தெரியும்.

சுமையை யார் ஏற்பது என்பதிலும் நியாயம் வேண்டும். தீவுகளுக்கு அருகே படகோட்டும் சிறு மீனவரிடமும் சங்கு குளிப்பவரிடமும் தடை போட்டுவிட்டு, பெருங்கப்பலையும் தூர்வாரும் கலத்தையும் விட்டுவைப்பது அநீதி. சிறுபடகுக்குத் தேவை தடை அல்ல. பவளத்திட்டின்மேல் வேகம் குறைத்து விலகிச் செல்லும் ஏற்பாடு. அதை வகுப்பதில் மீனவர் சங்கங்களே முன்னிற்க வேண்டும். எந்தத் திட்டு எங்கே கிடக்கிறது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. கப்பலுக்குத் தேவை வேகக் கட்டுப்பாடும், விசிறி பராமரிப்புக்குக் கட்டணச் சலுகையும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014இல் வெளியிட்டு 2023இல் திருத்திய வழிகாட்டுதல்கள் இதற்கு ஏற்கெனவே இருக்கின்றன.

தூத்துக்குடி வெளித்துறைமுகக் கொள்கலன் முனையத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் குலசேகரன்பட்டினத்தின் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் விழுந்தது. தூர்வாருதல், தூண் அறைதல், பெரிய கப்பல்கள், இன்னும் கூடுதலான போக்குவரத்து என்று இந்தக் கரை அடுத்த சில பத்தாண்டுகளில் இதுவரை கண்டிராத ஒலியைக் காணப்போகிறது. வளர்ச்சி வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு, முன்பு எப்படி இருந்தது என்று அளக்க இயலாது என்பதைத்தான் சொல்கிறது. சிப்பிக்கு விலை போட்ட அரசும், டன்னுக்குக் கணக்கு வைக்கும் துறைமுகமும், வெளித்துறைமுகத்தின் சுற்றுச்சூழல் நிபந்தனைகளில் முதல் நிபந்தனையாக ஓராண்டு ஒலிப்பதிவைச் சேர்த்து, அதன் முடிவுகளை மீனவர் கூட்டங்களில் தமிழில் வெளியிட வேண்டும். பார்களில் சிப்பி மறுபடி இறங்குமா என்பதற்கு எவரும் உறுதி தர முடியாது. அது இறங்குவதற்குத் தடையாக நாம் நிற்கவில்லை என்று உறுதி தரலாம். அந்த உறுதியை இந்தக் கடலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.